அத்தை எதிரே டச்சு பேசிய நாள்

எங்கள் மாட்டுக் கொட்டகையில் கொஞ்ச காலம் ஒரு டச்சுக்காரி தினமும் காலையில் பேசிக்கொண்டிருந்தாள். ஆள் இல்லை, குரல் மட்டும். கொட்டகை விட்டத்தில் சணல் கயிறு கட்டி அதில் டேப் ரெக்கார்டரைத் தொங்கவிட்டிருந்தோம். ஒரு மாட்டின் மடியருகே நானும் இன்னொரு மாட்டின் மடியருகே என் கணவரும் உட்கார்ந்து பால் கறப்போம். அவள் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவாள். அந்த இடைவெளிக்குள் நாங்கள் இருவரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பால் செம்பில் விழும் சத்தத்தில் பாதி கேட்காது. கேட்காத பாதியை நானே இட்டுக்கட்டிச் சொல்லிவிடுவேன்.

எதிர்வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டி, "இன்னாமே, மாட்டுக்குப் பாடம் நடத்திக்கினு கீறீங்களா?" என்பாள்.

"அதுங்களுக்கு இது அப்பன் வூட்டு பாஷ. கேக்கட்டும்" என்பேன் நான்.

பொய்யில்லை. இரண்டும் கறுப்பும் வெள்ளையுமான கலப்பின மாடுகள். தாய் உள்ளூர், தகப்பன் ஹாலந்து. தகப்பனை யாரும் பார்த்ததில்லை, ஊசியில்தான் வந்தார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கொட்டகையில் இந்த இரண்டு மாடுகள், வீட்டில் நான், என் கணவர், என் மாமியார். அவ்வளவுதான் குடும்பம். மாமனார் நான் மருமகளாக வருவதற்கு முன்பே போய்விட்டார். என் கணவர் உத்திரமேரூர் மாட்டு ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய்ச் சினை ஊசி போடுவது அவர் வேலை. சுற்றுவட்டாரத்தில் எந்த மாடு எப்போது சினை பிடித்தது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வார். எங்களுக்குக் கல்யாணம் ஆன தேதியைக் கேட்டால் யோசிப்பார்.

அந்த வருடம் ஆபீசிலிருந்து ஒரு சேதி வந்தது. ஹாலந்தில் ஒரு பால் பண்ணைக் குடும்பம் இங்கிருந்து ஒருவரை இரண்டு வருடம் தங்கவைத்து, மாடு வளர்ப்பில் நன்றாகப் பழக்கி அனுப்பத் தயாராக இருக்கிறது. கல்யாணமானவர் என்றால் மனைவியும் வரலாம், பாலாடைக்கட்டி போடும் வேலையில் பண்ணைக்கார அம்மாவுக்கு ஒத்தாசையாக இருக்கலாம். ஒரே நிபந்தனை, பாஷை. அந்தப் பண்ணைக்காரருக்கு இங்கிலீஷ் அரைகுறை, அவர் மனைவிக்கு அறவே வராது. பொங்கல் கழிந்ததும் அவர்களே வீட்டுக்கு வந்து பேசிப் பார்ப்பார்கள். டச்சு பேச வந்தால் போகலாம், வராவிட்டால் இல்லை.

என் கணவர் போவது முடிவான விஷயம் என்றே எல்லோரும் பேசினார்கள். டிப்ளமா படித்தவர், இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கையில் இருந்தால் எதையும் கற்றுக்கொள்வார். என் கதைதான் அந்தரத்தில் தொங்கியது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு வீட்டில் இருந்தவள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. அதற்குள் இரண்டு வருடம் அவரைப் பிரிந்து இருப்பதா?

அத்தைக்கு அந்தக் கலக்கமெல்லாம் இல்லை. அவர் போட்ட கணக்கு வேறு. "அவன் போய்ட்டு வரட்டும்மே. நீ இங்கயே இரு. நீ இங்க கீறன்னாதான் அவன் திரும்பி வருவான். ரெண்டு பேரும் போனா அங்கயே தங்கிடுவீங்க, நான் இன்னா பண்றது?" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அதாவது நான் அடகு. எனக்குச் சுருக்கென்று வந்தது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், அதனால் கண்ணில் வந்த தண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "அவங்க வந்து பேசிப் பாக்கட்டும் அத்தே. எனக்குப் பேச வந்தா போறேன், வரலன்னா இங்கயே கீறேன்" என்றேன். அவர் உடனே சரி என்றார். எனக்கு வராது என்பதில் அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

ஆபீசிலிருந்து ஒரு புத்தகமும் சில கேசட்டுகளும் கொடுத்தார்கள். புத்தகம் இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்காக எழுதியது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் வாயில் வைத்தால் வேறு ருசி. முக்கியமாக ஓர் எழுத்து, தொண்டைக்குள்ளிருந்து காறிக்கொண்டு வரும். நான் அதைப் பழகிக்கொண்டிருந்தபோது அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "இன்னாமே, மீன் முள்ளு சிக்கிக்கிச்சா?" என்று முதுகில் ரெண்டு தட்டு தட்டினார். அடித்த அடியில் எழுத்து சுத்தமாக வந்துவிட்டது.

ஆரம்பத்தில் நான்தான் மக்கு. டச்சில் சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல்லுக்கு இரண்டாவது இடம். அதில் பேரமே கிடையாது. 'நான் பார்த்தேன் நேற்று ஒரு மாடு' என்பார்கள். சரி, இப்படித்தான் போலிருக்கிறது என்று மூச்சு விடுவதற்குள், 'நேற்று' முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டால் 'நேற்று பார்த்தேன் நான் ஒரு மாடு' என்று ஆகிவிடும். யார் முதலில் ஏறினாலும் இரண்டாவது சீட்டு வினைச்சொல்லுக்கு. எங்கள் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் துண்டு போட்டு வைத்திருக்கும் சீட்டு மாதிரி. 'நான்' என்பது மகாராஜாவாகவே இருந்தாலும் எழுந்து பின்னால் போக வேண்டியதுதான். எனக்கோ தமிழ்ப் பழக்கத்தில் வினைச்சொல் எல்லாவற்றுக்கும் பிறகு ஆற அமர வந்தது.

"உன் வினைச்சொல்லு இன்னும் பஸ்ஸே ஏறலியே" என்று அவர் அடுத்த மாட்டின் வயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிண்டல் செய்வார். அவருக்கு அந்தப் பாடமெல்லாம் இங்கிலீஷ் வழியாக வழுக்கிக்கொண்டு வந்தது. கறந்த பாலை அவர் தலையில் ஊற்றியிருப்பேன், பால் வீணாகுமே என்று விட்டேன். அன்றன்றைக்கு வந்த ஆத்திரத்தை மாட்டிடம் காட்ட முடியாது, உதைக்கும். சாணி அள்ளும்போது கொஞ்சம் வேகமாக அள்ளுவேன்.

பிறகு அந்தப் பாடம் வந்தது. 'நேற்று நான் பார்த்த மாடு', 'பக்கத்து ஊரிலிருந்து வந்த பெண்' என்பது மாதிரி, ஒரு பெயரைப் பற்றி இன்னொரு சேதியைச் சேர்த்துச் சொல்வது எப்படி என்ற பாடம். புத்தகத்திலேயே, இது கஷ்டமான பகுதி, பொறுமையாகப் படியுங்கள் என்று எச்சரிக்கை போட்டிருந்தான். என் கணவர் முதல் தடவையாக அங்கே தடுக்கி விழுந்தார். கேசட்டுக்காரி சொல்வாள், இவர் திருப்பிச் சொல்வார், அவள் சொன்னது ஒரு வரிசையில் இருக்கும், இவர் சொன்னது வேறு வரிசையில் இருக்கும். காலையில் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டக்கூட மறந்துவிட்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று நடவு. நடவு ஆட்களுக்குக் கூழ் கொடுத்துவிட்டு, காலிக் குடத்தோடு ஏரிக்கரைமேல் வந்துகொண்டிருந்தேன். கேசட்டுக்காரி சொன்னதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன். 'டெ கூ டீ இக் ஹிஸ்டரன் இன் டெ வெய் ஸாக்.' கூ என்றால் மாடு. இக் என்றால் நான். ஹிஸ்டரன், நேற்று. இன் டெ வெய், புல்வெளியில். ஸாக், பார்த்தேன். நான், நேற்று, புல்வெளியில், பார்த்தேன்.

நடந்துகொண்டிருந்தவள் நின்றுவிட்டேன். இது தமிழாயிற்றே!

'நான் நேற்று புல்வெளியில் பார்த்த மாடு.' இதில் மாட்டை மட்டும் அவிழ்த்து முன்னால் கொண்டுவந்து கட்டு. அதற்குப் பக்கத்தில் 'டீ' என்று ஒரு சின்ன முளை அடி. மீதியை? மீதியைத் தொடவே வேண்டாம், கிடக்கிற வரிசையிலேயே கிடக்கட்டும். என்னை இத்தனை நாளாக அழவைத்த அந்த வினைச்சொல், இரண்டாவது சீட்டை விட்டு இறங்கி, சமர்த்தாகக் கடைசியில் போய் உட்கார்ந்துகொண்டது. 'ஏனென்றால்' என்று தொடங்கும் வாக்கியத்திலும் அப்படியே, அதை முந்தின வாரமே கேட்டிருந்தேன், உறைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

அவர் ஏரிக்கரைக்குக் கீழே ஒரு பெரியவர் வீட்டு வாசலில் இருந்தார். மாட்டை மரத்தோடு சேர்த்துக் கட்டி, ரப்பர் உறை போட்ட இடது கையைத் தோள் வரைக்கும் அதற்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். நான் கரைமேலிருந்தே கத்தினேன்.

"இன்னாங்க! வினைச்சொல்லு கடைசிக்குப் போவுதுங்க! நம்மளுது மாதிரியே!"

"கை உள்ள கீது. அப்பறம் வா."

"அப்பறம்லாம் ஆவாது, மறந்துடுவேன். மாட்ட மட்டும் முன்னால இட்டாந்து கட்டுங்க, மீதிய அப்டியே தமிழ்ல வுட்டுடுங்க!"

மாட்டுக்காரப் பெரியவர் பயந்துவிட்டார். "இன்னா தம்பி, வூட்ல எதுனா ஆயிப்போச்சா?"

"வூட்ல ஒண்ணும் ஆவல நைனா. அவளுக்குப் பாஷ புரிஞ்சிப்போச்சாம்" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு, கையை எடுக்காமலேயே முயன்று பார்த்தார். "டெ கூ டீ இக் ஸாக்... ஹிஸ்டரன்..."

"தப்பு! பாக்கறத அதுக்குள்ள பாத்துட்டீங்க! நேத்து வரணும், புல்லு வரணும், அப்பறந்தான் பாக்கணும். அந்த இங்கிலீஷ வுட்டுத் தொலைங்க, தமிழ்ல நெனைங்க!"

அவர் சிரித்த சிரிப்பில் மாடு நகர்ந்துவிட்டது. பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாட்டின் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த மாடு அந்தத் தடவை சினை பிடிக்கவில்லை. அதற்கும் என்னைத்தான் காரணம் சொன்னார்கள்.

அதன்பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம். எல்லாப் பெயருக்கும் 'டீ' போட முடியாது, சிலதற்கு 'டட்'. மாட்டுக்கு டீ, கன்றுக்கு டட். ஏன் என்று கேட்கக் கூடாது, உருப்போட வேண்டியதுதான். அதைவிடப் பெரிய சந்தோஷம் அடுத்து வந்தது. 'நான் யாரோடு பேசினேனோ அவர்', 'நான் எதால் அள்ளினேனோ அந்த வாளி' என்று சொல்லும்போது, மனிதருக்கு ஒரு சொல், பொருளுக்கு ஒரு சொல். மனிதர் என்றால் 'மெட் வீ', பொருள் என்றால் 'வார்மே'. உயர்திணை, அஃறிணை! பள்ளிக்கூடத்தில் இதை ஒப்பித்ததற்குக் கைமேல் பலன் என்று குதித்தேன்.

அதில் எங்களுக்குள் ஒரு சண்டைகூட வந்தது. மாட்டுக்கு எது? "அஃறிணைதான், புத்தகத்துல கீது" என்றார் அவர். அப்போது என் மாடு தாடையை என் தோளில் வைத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. "இவகிட்டயா சொல்றீங்க? நான் சொல்லமாட்டேன்" என்று ஒரு நாள் முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன். மறுநாள் புத்தகம் சொன்னபடியே சொல்லிவிட்டேன், ஆனால் மாட்டைத் தடவிக் கொடுத்துவிட்டுத்தான்.

சாயங்காலங்களில் வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரையெல்லாம் டச்சில் சொல்லிப் பார்ப்போம். செவ்வாய்க்கிழமை தயிர் கொண்டுவருகிற அம்மா. பஸ் போன பிறகே ஓடிவருகிற வாத்தியார். எங்கள் வரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற பக்கத்து நிலத்துக்காரர். நான் கடைசி வினைச்சொல்லை டொக்கென்று வைத்து முடிப்பேன். அவர் நல்ல நல்ல வார்த்தைகளாகச் சேர்ப்பார், நடுவில் வினைச்சொல் அவசரப்பட்டு விழுந்துவிடும்.

அத்தை இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். எனக்கு வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. ஒரு காலை, "நீ போய் வாசலத் தெளி, நான் கறக்கறேன்" என்று செம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். டேப் ரெக்கார்டரின் சத்தத்தை முழுசாகக் கூட்டிவிட்டு வாசலுக்குப் போனேன். தெருவே டச்சு கேட்டது. அடுத்த வாரம் செம்பு என் கைக்கே திரும்பி வந்தது.

பொங்கல் முடிந்தது. ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் ஆபீஸ் ஜீப் வந்து வாசலில் நின்றது. பண்ணைக்காரர் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். அவர் மனைவி வெயிலில் சிவந்துபோய், நல்ல கனமான உடம்பும் நேரான பார்வையுமாக இருந்தார். கூடவே ஆபீஸ்காரர் ஒருவர். வெள்ளைக்காரர்களைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் எல்லாம் வாசலில் குவிந்துவிட்டார்கள். அத்தை துடப்பத்தை எடுத்து ஒருத்தர் பாக்கியில்லாமல் விரட்டிவிட்டு, மோர் எடுத்துவந்து உள்கதவின் அருகே நின்றுகொண்டார். எனக்கு நேர் பின்னால்.

"முதல்ல உங்க வீட்டம்மா பேசட்டும். சார், நீங்க வாயே தொறக்கக் கூடாது" என்றார் ஆபீஸ்காரர். என் கணவர் பண்ணைக்கார அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். எனக்குப் பயம் இல்லை. எதைக் கேட்டாலும் சொல்லிவிடலாம் என்ற திமிர்தான் இருந்தது. கேளுங்கள், கேளுங்கள் என்று மனசு துடித்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பயப்படாமல் இருக்கட்டும் என்று, இருப்பதிலேயே சுலபமான கேள்வியாக எடுத்தார்.

"ஹூ ஹேட் உ மன்?"

உங்கள் கணவர் பெயர் என்ன?

என் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

மாதக்கணக்கில் தயார் செய்ததில் இது ஒன்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கட்டியவன் பெயரை எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் வாயால் சொன்னாள்? ஆஸ்பத்திரியிலோ ரேஷன் கடையிலோ கேட்டால், பக்கத்தில் நிற்கும் ஏதாவது பிள்ளையைப் பிடித்துச் சொல்ல வைப்போம். பிள்ளைகளைத்தான் துடப்பத்தால் விரட்டியாயிற்றே! தனியாக இருந்திருந்தால்கூட, போகட்டும், ஹாலந்துக்காகத்தானே என்று சொல்லித் தொலைத்திருப்பேன். பின்னால் அத்தை நிற்கிறார். புருஷன் பெயரை அவர் செத்த பிறகும் சொல்லாதவர். அத்தைக்கு டச்சில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் மகன் பெயர் எந்தப் பாஷையில் சொன்னாலும் மகன் பெயர்தானே!

அந்த அம்மா கேள்வியைத் திரும்பக் கேட்டார், மெதுவாக, காது மந்தமானவரிடம் கேட்பதுபோல. பிறகு தன் கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. முதல் பாடத்து முதல் கேள்வியே இவளுக்குப் புரியவில்லை. என் கணவரின் காது மடல் சிவந்துவிட்டது. வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதால், பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். இரண்டு வருடம் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

ஆபீஸ்காரர் செருமினார். "இன்னாம்மா, இதுகூடவா தெரியல?"

இதுகூடவா? அந்த ஒரு சொல்லில் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கோயிலில் என் கணவர் பெயருள்ள சாமியையே 'மலைமேல கீற சாமி' என்று கும்பிடுகிறவள் நான். பெயரைச் சொல்லாமல் ஆளைச் சொல்வதற்கு எனக்கா வழி தெரியாது?

"என் கணவர்," என்று டச்சில் ஆரம்பித்தேன், "உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதர். டெ மன் டீ நாஸ்ட் உ ஸிட்." அந்த அம்மாவின் புருவம் உயர்ந்தது. நான் நிறுத்தவில்லை. "நான் தினமும் காலையில் யாரோடு மாடு கறக்கிறேனோ, அந்த மனிதர். இப்போது காது சிவந்திருக்கிற மனிதர். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது, நான் சொல்லக் கூடாத பெயர். ஏனென்றால், கதவருகே நிற்கிற அவருடைய அம்மா, நான் சொன்னால் அதைக் கேட்டுவிடுவார்."

அத்தனையும் டச்சில். ஒவ்வொரு 'டீ'யும் அதன் இடத்தில், அதன் வினைச்சொல் கடைசியில். அந்தக் கடைசி வாக்கியத்தில் அத்தையைக் கதவருகே நிற்கவைத்து, அதை முடித்துவிட்டு, பிறகு விட்ட இடத்தைப் பிடித்து 'கேட்டுவிடுவார்' என்று கொண்டுபோய் வைத்தேன் பாருங்கள், அந்த ஒரு நொடி சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற அத்தையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த காதைப் பார்த்தார். அவ்வளவுதான், நாற்காலி குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பண்ணைக்காரரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். மோர் கொஞ்சம் தரையில் சிந்தியது.

"இன்னாமே சிரிக்கிறாங்க? இன்னா சொன்ன?" என்றார் அத்தை.

"மாட்டப் பத்தி அத்தே."

அதற்குப் பிறகு அந்த அம்மா என்னை விடவே இல்லை. குரலைத் தாழ்த்தி, ஏதோ நாங்கள் இருவரும் சேர்ந்து களவு செய்கிற மாதிரி கேட்டுக்கொண்டே போனார். மாடு எவ்வளவு கறக்கும், தயிர் எப்படித் தோய்ப்பீர்கள், மழை எப்போது. அவர் வீட்டிலும் மாமியார் உண்டாம், ஒரே அடுப்படியாம். அதை ஒரு நீளமான வாக்கியமாகச் சொன்னார். கடைசிச் சொல் வந்து விழும்வரை மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். விழுந்ததும் மொத்தமும் விளங்கிவிட்டது. வினைச்சொல்லுக்குக் காத்திருப்பது நமக்கென்ன புதிதா? நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். தெரியாத வார்த்தைகள் நிறைய இருந்தன, தப்பும் விட்டேன். இரண்டு பேருமே அதைச் சட்டை செய்யவில்லை.

பிறகு என் கணவரின் முறை. சினை நிற்காத மாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று பண்ணைக்காரர் கேட்டார். கேள்வி அவருக்கு நன்றாகவே புரிந்தது. அதில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. "டெ கூ டீ..." என்று தொடங்கினார். இரண்டு வார்த்தை போனார், நின்றார். திரும்பத் தொடங்கினார், வினைச்சொல் நடுவில் விழுந்தது. அதை எடுக்கப் போனார், மற்றதெல்லாம் சரிந்தது. நெற்றி வேர்த்துவிட்டது. கடைசியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மனசு பிசைந்தது. அவர் தமிழில் சொன்னார், நான் தெரிந்த மட்டும் டச்சில் சொன்னேன். பண்ணைக்காரர் தலையாட்டிவிட்டு அவரை மட்டும் கொட்டகைக்குக் கூட்டிப் போனார். அங்கே பேச்சே தேவைப்படவில்லை. மாட்டைத் தொட்ட இவர் கையைப் பார்த்தே அவருக்குத் திருப்தியாகிவிட்டது.

திரும்பி வந்து நான்கு பேரும் ஜீப் அருகே நின்று பேசினார்கள். நான் வாசற்படியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச்சு காதில் விழவில்லை. ஆபீஸ்காரர் முடிவை என் கணவரிடம் தமிழில் சொல்வது தெரிந்தது. கை குலுக்கினார்கள். அந்த அம்மா ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். ஜீப் போய்விட்டது.

என் கணவர் உள்ளே வந்தார். என்னிடம் வரவில்லை. நேராக அத்தையிடம் போனார்.

"நான் தனியா வரக் கூடாதாம்மா. எனக்கு வேல தெரியுதாம், பேச்சு வரலியாம். இவ வந்தாதான் நான் வரலாமாம். இவ வரலன்னா நானும் வாணாம்னுட்டாங்க."

அத்தைக்குப் புரியவில்லை. "அப்டின்னா இன்னாடா? நீ போறியா இல்லியா?"

"நான் போவலமா. அவ போறா. நான் கூடப் போறேன்."

எனக்குக் கத்த வேண்டும்போல, குதிக்க வேண்டும்போல இருந்தது. கொட்டகைக்கு ஓடி இரண்டு மாட்டையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அத்தையின் முகத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. அவர் காலி டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தானே அவருக்கு இருந்த ஒரே பிடி. அதுவும் போகிறது.

டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படி வரைக்கும் போனவர் திரும்பி என் எதிரில் வந்து நின்றார்.

"அப்ப நீதான் அவன இட்டுக்கினு போற?"

"ஆமா அத்தே."

"அவன நான் நம்பமாட்டேன். போன எடத்துலயே மாட்டப் பாத்துக்கினு ஒக்காந்துடுவான். நீதான் இட்டுக்கினு வரணும்."

"இட்டாறேன் அத்தே."

அவர் தலையாட்டினார்.

"நீயும் வந்துடும்மே" என்றார்.

டம்ளர்களோடு சேர்த்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.